ஒரு சோறு பதமாகுமா? முருகைக்கற்பாறைகளும் அவற்றை எண்ணும் கணக்கும்

கடல் வழமையைவிடச் சூடேறியுள்ளது என்ற செய்தி வரும் ஆண்டுகளில், கொழும்பில் ஏதாவதொரு விருந்திலோ அலுவலகத் தேநீர் வேளையிலோ முருகைக்கற்பாறைகளைப் பற்றிய பேச்சு எழுவதும், அது ஏறத்தாழ ஒரே விதமாக முடிவதும் வழக்கமாகிவிட்டது. ஒருவர், "எல்லாம் செத்துவிட்டதாம்" என்கிறார். இன்னொருவர், போன மாதம் ஹிக்கடுவையில் கண்ணாடி அடித்தட்டுப் படகில் சென்றபோது மீன்கள் கூட்டங்கூட்டமாக நின்றனவே என்று மறுக்கிறார். மூன்றாமவர், இவையெல்லாம் கணினிக்குள் போட்டு எடுக்கிற கணக்குகள்தானே என்று சொல்லிப் பேச்சை முடித்துவைக்கிறார்.

மூவரும் ஏதோவோர் எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. கடலடியில் ஒவ்வொரு முருகைக்கல்லையும் எவரும் எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது. சிறிதளவைப் பார்த்துப் பெரிதைக் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பில் எவ்வளவு தவறலாம் என்பதையும் சேர்த்தே கணிக்கிறார்கள். இந்த இரண்டாவது பாதிதான் புள்ளிவிபரவியல். கூட்டல், பெருக்கல், சராசரி தெரிந்தவர்களுக்கு இக்கட்டுரை போதுமானதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நமது பாடநூல்கள் முருகைக்கல் என்பதைத் தமிழகத்தார் பவளப்பாறை என்கிறார்கள். இரண்டும் ஒன்றே. ஆனால் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் இப்பாறைகளைக் கட்டும் உயிரினமன்று. அது வேறோர் இனம்.

கல்லுக்குள் குடியிருப்பவர்கள்

வெள்ளவத்தையின் தொடர்மாடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சீமெந்துக் கட்டடம். உள்ளே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. முருகைக்கல்லும் அப்படித்தான், ஒரு வேறுபாட்டுடன்: இங்கே குடியிருப்பவர்களே தங்கள் உடலிலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து கட்டடத்தையும் கட்டுகிறார்கள். அந்தக் குடியிருப்பாளரின் பெயர் பொலிப்பு. பொலிப்பு என்பது வாயைச் சுற்றி உணர்கொம்புகள் கொண்ட, மென்மையான சிறிய விலங்கு. ஒன்றன் மேல் ஒன்றாகத் தலைமுறைகள் கட்டிய சுண்ணாம்புக் கூடுகள் சேர்ந்து பாறையாகின்றன. நெடுந்தீவின் வேலிகளில் அடுக்கப்பட்டிருக்கும் கற்களும், தென்மேற்குக் கரையோரத்துச் சூளைகளில் ஒருகாலத்தில் எரித்தெடுத்த சுண்ணாம்பும் இவர்கள் விட்டுச்சென்ற வீடுகளே.

பொலிப்பின் திசுக்களுக்குள் இன்னொரு வாடகைக் குடியும் உண்டு. அது அல்கா எனப்படும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பாசி. அல்கா சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. பொலிப்புக்குத் தேவைப்படும் சக்தியில் 90 வீதம்வரைகூட இந்த வாடகையாகவே வந்துசேரும். முருகைக்கல்லின் நிறத்தில் பெரும்பகுதியும் அல்காவினுடையது.

நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அல்காவின் ஒளித்தொகுப்புக் குழம்புகிறது. அது நச்சுத்தன்மையான ஒட்சிசன் சேர்வைகளை வெளிவிடத் தொடங்குகிறது. பொலிப்பு தன்னைக் காத்துக்கொள்ள அல்காவை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சும் திசு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், அதனூடாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதுவே வெளிறல். வெளிறிய முருகைக்கல் இறந்த முருகைக்கல் அல்ல. அது பட்டினி கிடக்கும் முருகைக்கல். சில வாரங்களுக்குள் நீர் தணிந்தால் அல்கா மீண்டும் குடியேறும். தணியாவிட்டால் பொலிப்பு இறக்கும்.

இறந்த கல் நெடுநாள் வெண்மையாக இருப்பதில்லை. விரைவிலேயே அதன் மேல் நுண்பாசி படர்ந்து மண்ணிறமும் பச்சையுமாக மாறிவிடுகிறது. ஆகவே படகிலிருந்து பார்ப்பவர் பளிச்சென்ற வெள்ளையைக் கண்டு "செத்துவிட்டது" என்று பதறுவதும், உண்மையில் இறந்து பாசி மூடிய கல்லைக் கண்டு "இது நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதலடைவதும் நடக்கக்கூடியது. நமது உரையாடல்களின் குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

சுருங்கச் சொன்னால், பாறையைக் கட்டுவது விலங்கு, அதற்கு உணவூட்டுவது பாசி, அந்த உறவு முறிவது வெளிறல். வெளிறலுக்கும் இறப்புக்கும் இடையில் சில வார அவகாசம் இருக்கிறது.

காய்ச்சலுக்கு ஒரு கொப்பி

பிள்ளைக்கு ஒருநாள் மட்டும் கடுமையான காய்ச்சல் அடித்து இறங்கினால் ஒரு விதம். இலேசான காய்ச்சல் மூன்று வாரம் விடாமல் நின்றால் வேறு விதம். மருத்துவர் "எவ்வளவு?" என்பதோடு "எத்தனை நாளாக?" என்றும் கேட்பது இதனால்தான். கடலுக்கும் அதே இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணாக்கும் அளவுதான் பாகை வெப்ப வாரம்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சமுத்திர மற்றும் வளிமண்டல நிர்வாகம் செய்மதிகளின் உதவியுடன் இதைக் கணிக்கிறது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்குரிய நீண்டகாலச் சராசரி வெப்பநிலையை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். கடந்த 12 வாரங்களில், அந்த அளவை 1 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ தாண்டிய வாரங்களில் எத்தனை பாகை தாண்டியது என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். நான்கு வாரம் 1 பாகை மிகுந்திருந்தால் கணக்கு 4. இரண்டு வாரம் 2 பாகை மிகுந்திருந்தாலும் 4. கணக்கு 4ஐ எட்டினால் குறிப்பிடத்தக்க வெளிறலையும், 8ஐ எட்டினால் கடுமையான வெளிறலையும் இறப்பையும் எதிர்பார்க்கலாம் என்பது பொதுவான அளவுகோல்.

நமது மேற்குக் கரையில் இந்தக் கணக்கு ஏறுவதற்கு ஏற்ற காலம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்கள். காற்று அடங்கி, தென்மேற்குப் பருவக்காற்று வந்து நீரைக் கலக்குவதற்கு முந்திய இடைவெளி அது. 1998ஆம் ஆண்டின் உலகளாவிய வெளிறல் இலங்கையைத் தாக்கியதும் அந்தப் பருவத்தில்தான். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைக்கற்பாறையின் ஆழங்குறைந்த பகுதிகளும் ஹிக்கடுவையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் அவ்வாண்டில் பெருமளவு தப்பின. அதன் பின்னர் 2010இலும், 2014 முதல் 2017 வரையிலும் உலகளாவிய வெளிறல்கள் நிகழ்ந்தன. நான்காவது நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

4, 8 என்னும் எல்லைகள் கடலில் எழுதி வைக்கப்பட்ட விதிகள் அல்ல. முன்பு எங்கெங்கு எவ்வளவு சூட்டில் என்ன நடந்தது என்று பார்த்து வகுக்கப்பட்டவை. மான்கொம்பு போலக் கிளைக்கும் இனங்கள் முந்தி விழும். உருண்டைப் பாறைபோல் வளரும் இனங்கள் பல சமயம் தாக்குப்பிடிக்கும். எனவே "கணக்கு 8 ஆகிவிட்டது, ஆகவே எல்லாம் செத்துவிட்டது" என்பது தவறான வாசிப்பு. செய்மதி சொல்வது ஆபத்தை. இறப்பை அறிய யாராவது நீருக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

ஒரு பானைச் சோறும் ஒரு புரியாணிச் சட்டியும்

நீருக்குள் இறங்குபவர் என்ன செய்கிறார்? பொதுவான முறை எளியது. சுழியோடி 50 மீற்றர் அளவுநாடாவைப் பாறை மேல் விரிக்கிறார். அரை மீற்றருக்கு ஒருமுறை, நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பலகையில் எழுதுகிறார்: உயிருள்ள முருகைக்கல், இறந்த கல், பாசி, மணல். நூறு புள்ளிகளில் 24இல் உயிருள்ள முருகைக்கல் இருந்தால், அந்த நாடாவில் உயிர்ப்போர்வை 24 வீதம். உயிர்ப்போர்வை என்பது பாறைப் பரப்பில் உயிருள்ள முருகைக்கல் மூடியிருக்கும் பங்கு.

இதுவரை சிக்கலில்லை. ஒரு நாடாவைப் பார்த்துப் பல கிலோமீற்றர் பாறையைப் பற்றிப் பேசலாமா என்பதில்தான் சிக்கல். நம் முன்னோர் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முழுதையும் அறிய எடுக்கும் அந்தச் சிறு பகுதிக்கு மாதிரி என்று பெயர். ஆனால் பழமொழி உண்மையாவதற்கு மறைவான ஒரு நிபந்தனை உண்டு: பானைக்குள் நீர் கொதித்துச் சோற்றைத் தானாகவே கலக்கிவிடுகிறது. கலியாண வீட்டுப் புரியாணிச் சட்டியில் மேலாகவுள்ள ஒரு கரண்டியை எடுத்துப் பார்த்து, அடியில் எவ்வளவு இறைச்சி இருக்கிறதென்று சொல்ல முடியுமா? முருகைக்கற்பாறை கொதிக்கும் பானை அல்ல, புரியாணிச் சட்டி. ஓரிடத்தில் அடர்ந்திருக்கும், பத்து மீற்றர் தள்ளி வெறும் மணலாக இருக்கும்.

மாதிரியின் அருமை நம் கடலுக்குப் புதிதன்று. மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி விளையும் படுக்கைகளைப் பார் என்பார்கள்; சேவல் பார், பெரிய பார் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்னர், பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பி எவ்வளவு பெறும் என்று கணித்தே குளிப்பதா வேண்டாமா எனத் தீர்மானித்தார்கள். கோடிக்கணக்கான சிப்பிகளைப் பற்றிய முடிவு சில ஆயிரத்தின் மேல் நின்றது.

புரியாணிச் சட்டிக்கு மருந்து, பல இடங்களில் கரண்டியை விடுவது; அதுவும் அழகான இடமாகத் தேர்ந்து விடாமல், குலுக்கல் முறையில் விழுந்த இடங்களில் விடுவது. கற்பனையாக ஐந்து நாடாக்கள் விரித்ததாகவும், உயிர்ப்போர்வை 12, 35, 8, 41, 24 வீதம் வந்ததாகவும் கொள்வோம். சராசரி 24. பத்திரிகை இந்த 24ஐ மட்டும் அச்சிடும். ஆனால் எண்கள் 8இலிருந்து 41வரை சிதறிக் கிடக்கின்றன. வேறு ஐந்து இடங்களில் நாடா விழுந்திருந்தால் சராசரி வேறாகியிருக்கும். எவ்வளவு வேறாகியிருக்கும் என்பதைச் சிதறலிலிருந்தே கணிக்கலாம். அப்படிக் கணிக்கும் வீச்சுக்கு நம்பிக்கை ஆயிடை என்று பெயர். திரும்பத் திரும்ப இதே முறையில் அளந்தால், நூற்றுக்குச் சுமார் 95 தடவை உண்மையான சராசரியை உள்ளடக்கும் வகையில் அது வகுக்கப்படுகிறது. மேற்சொன்ன ஐந்து எண்களுக்கு அது ஏறத்தாழ 6 முதல் 42 வரை.

அடுத்த ஆண்டு அதே பாறையில் ஐந்து நாடாக்கள் விரித்துச் சராசரி 18 வந்தால், "கால்வாசி அழிந்தது" என்ற தலைப்பு எழுதப்படலாம். ஆனால் 18 என்பது முதலாண்டின் ஆயிடைக்குள்ளேயே வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அழிந்திருக்கலாம், அழியாமலும் இருந்திருக்கலாம். ஐந்து நாடாக்களால் அதைச் சொல்ல முடியாது. இதே சிதறலுடன் 20 நாடாக்கள் இருந்திருந்தால் ஆயிடை 17 முதல் 31 வரை சுருங்கியிருக்கும். நாடாக்களை நான்கு மடங்காக்கியும் வீச்சு நான்கில் ஒன்றாகவில்லை என்பதைக் கவனியுங்கள். துல்லியம் விலையுயர்ந்த பண்டம்.

ஆக, சராசரி மட்டும் சொல்லப்பட்டால் பாதிச் செய்தியே வந்துசேர்ந்திருக்கிறது. மறுபாதி, அந்தச் சராசரியின் இருபுறமும் உள்ள வீச்சு.

ஒளிந்திருக்கும் கலவாய்

முருகைக்கல் ஓடாது. மீன் ஓடும். மீன்களை எண்ணுவதற்குச் சுழியோடி 50 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமுமான ஒரு பட்டியில் நீந்திச் சென்று, கண்ட மீன்களின் இனத்தையும் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறித்துக்கொள்வது வழக்கம். நீளத்திலிருந்து எடையைக் கணிக்கலாம்; ஒரு பரப்பிலுள்ள மீன்களின் மொத்த எடையை உயிர்த்திணிவு என்பர்.

குடிசன மதிப்பீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் வாரநாளில் நண்பகல் வந்து கதவைத் தட்டினால், வேலைக்குப் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கிளிமீன் வெளியில் மேய்ந்துகொண்டிருப்பதால் கண்ணில் படும். கலவாய் பொந்துக்குள் கிடக்கும். சுழியோடியின் காற்றுக்குமிழிச் சத்தத்துக்கே விலகிப்போகும் மீன்களும் உண்டு. இருக்கும் ஒரு மீன் நம் கண்ணில் படுவதற்கான வாய்ப்பே கண்டறி நிகழ்தகவு. அதை அறியாமல், "கிளிமீன் 20, கலவாய் 2" என்ற குறிப்பிலிருந்து கலவாய் அருகிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது.

காணாததை எப்படிக் கணிப்பது? இதற்கான அடிப்படைத் தந்திரம் மிக அழகானது. இரண்டு சுழியோடிகள் ஒரே பட்டியில், ஒருவரையொருவர் கேட்காமல், கண்டதைக் கண்ட இடத்துடன் குறிக்கிறார்கள். முதலாமவர் 12 கலவாய்களைக் கண்டார். இரண்டாமவர் 10ஐக் கண்டார். இருவரும் கண்டவை 8. முதலாமவர் கண்ட 12இல் இரண்டாமவர் கண்டது 8 என்றால், இரண்டாமவர் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காண்கிறார். அந்த மூன்றில் இரண்டு பங்கே 10 என்றால், மொத்தம் 15. இருவருமாகக் கண்ட வெவ்வேறு மீன்கள் 14. எவர் கண்ணிலும் படாத ஒன்றையும் கணக்கு எட்டிப்பிடித்துவிட்டது. பொந்தின் ஆழத்தில் இருவருக்குமே புலப்படாமல் கிடக்கும் மீனை இந்த முறையும் தவறவிடும் என்பதால், 15ஐயும் குறைந்தபட்ச மதிப்பாகவே கொள்ள வேண்டும்.

மாதிரியும் மாதிரியுருவும்

நம் பேச்சுத் தமிழில் "மாதிரி" என்ற சொல் எல்லா வேலையையும் செய்கிறது. "அது மாதிரி", "ஒரு மாதிரி" என்று நாளெல்லாம் சொல்கிறோம். புள்ளிவிபரவியலில் மாதிரி வேறு, மாதிரியுரு வேறு. மாதிரி என்பது நாம் அளந்த பகுதி. மாதிரியுரு என்பது, அளந்த எண்கள் எவற்றால் கூடிக் குறைகின்றன என்பதைச் சொல்லும் சமன்பாடு.

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் பஸ்ஸில் செல்பவர்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு மாதிரியுரு வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்தால் 10 கூட்டு. பாடசாலை விடும் நேரமானால் 15 கூட்டு. மழையும் பாடசாலையும் சேர்ந்தால் 55. ஒருநாள் 70 நிமிடம் எடுத்தால், விளக்கப்படாத 15 நிமிடம் எஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கு எச்சம் என்று பெயர். விசாரித்துப் பார்த்தால், காலி வீதியில் ஆடிவேல் தேர் வந்துகொண்டிருந்திருக்கும்.

பாறை மீன்களுக்கான மாதிரியுருவும் இதே வடிவம்தான்; மழைக்கும் பாடசாலைக்கும் பதிலாக நீரின் ஆழம், கடலின் உற்பத்தித் திறன், மீன்பிடி உண்டா இல்லையா, அருகிலுள்ள சந்தை எவ்வளவு தொலைவு என்பன வருகின்றன. சந்தை எதற்கு என்று வியப்பவர்கள் அதிகாலையில் பேலியகொடைக்கு ஒருமுறை சென்று பார்க்கலாம். பெரிய சந்தைக்குப் பக்கத்திலுள்ள கடலில் மீன் குறைவது எதிர்பார்க்கக்கூடியதே.

இத்தகைய மாதிரியுருவால் எவரும் கண்டிராத ஒன்றைக் கேட்க முடிகிறது: மீன்பிடியே இல்லாதிருந்தால் இந்தப் பாறையில் எவ்வளவு மீன் இருந்திருக்கும்? ஆரன் மெக்னீல் என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவினரும் உலகெங்குமுள்ள 832 பாறைகளின் தரவுகளைக் கொண்டு 2015இல் இதற்கு விடை தந்தார்கள். சராசரியாக ஹெக்டயருக்கு ஏறத்தாழ 1,000 கிலோகிராம். கொழும்பில் காணி பார்ப்பவர்களுக்குப் புரியும் கணக்கில் சொன்னால், ஒரு பேர்ச்சுக்கு இரண்டரைக் கிலோ மீன். மீன்பிடிக்கப்படும் பாறைகளில் 83 வீதமானவை, அவற்றில் இருந்திருக்க வேண்டிய மீனில் பாதிக்கு மேல் இழந்திருந்தன. மீன்பிடியை நிறுத்தினால் மீள்வதற்குச் சராசரியாக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும் என்றும் கணித்தார்கள். நமது மூன்றாவது நண்பர் சொல்லும் "கணினிக் கணக்கு" இதுவே. கணினி எண்களை இட்டுக்கட்டவில்லை. 832 இடங்களில் சுழியோடிகள் எழுதியவற்றைச் சமன்பாட்டுக்குள் பொருத்தியது.

டியூஷன் வகுப்புக் கணக்கு

832 பாறைகளிலும் ஒரேயளவு வேலை நடந்திருக்காது. சிலவற்றில் பல நாடாக்கள், சிலவற்றில் ஓரிரண்டு. குறைந்த தரவுள்ள இடத்தை என்ன செய்வது? நமது பெற்றோர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் இதை விளக்கும்.

உயர்தரப் பரீட்சைக்கு ஓர் ஆசிரியரிடம் மூன்று மாணவர்கள் படித்தார்கள். மூவரும் ஏ சித்தி. சுவரொட்டியில் "100 வீதம்". இன்னோர் ஆசிரியரிடம் 200 பேர் படித்தார்கள். 90 பேருக்கு ஏ, அதாவது 45 வீதம். எல்லா வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 30 வீதத்தினருக்கு ஏ கிடைக்கிறது என்று கொள்வோம். பிள்ளையை எங்கே அனுப்புவீர்கள்? மூன்று பேரின் வெற்றி அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று உள்மனம் சொல்கிறதல்லவா? அதைக் கணக்காக்கலாம். ஒவ்வொரு வகுப்பிலும் பத்துக் கற்பனை மாணவர்களைச் சேர்ப்போம். பொதுச் சராசரிப்படி அவர்களில் மூவருக்கு ஏ. முதல் ஆசிரியருக்கு 13 பேரில் 6, அதாவது 46 வீதம். இரண்டாமவருக்கு 210 பேரில் 93, அதாவது 44 வீதம். சிறிய வகுப்பு பொதுச் சராசரியை நோக்கி வலுவாக இழுக்கப்பட்டது. பெரிய வகுப்பு ஏறத்தாழ அசையவேயில்லை.

பாறை, பாறை அமைந்த பிரதேசம், உலகம் என்று அடுக்கடுக்காக வைத்து, தரவு குறைந்த அலகு தன் கூட்டத்திடமிருந்து பலத்தைக் கடன்வாங்கச் செய்யும் இம்முறைக்கு அடுக்கு மாதிரியுரு என்று பெயர். பத்துக் கற்பனை மாணவர்களைப் போல், தரவைப் பார்க்கும் முன்னரே நாம் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பை எண்ணாக எழுதி, தரவு வரவர அதைத் திருத்திக்கொள்வது பேய்சிய முறை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மதகுரு தோமஸ் பேய்ஸின் பெயரால் வழங்குவது. கற்பனை மாணவர் பத்துப் பேரா ஐம்பது பேரா என்பதையும் விருப்பம்போல் வைப்பதில்லை. ஆசிரியருக்கு ஆசிரியர் பெறுபேறு எவ்வளவு வேறுபடுகிறது என்பதிலிருந்து தரவே அதைத் தீர்மானிக்கிறது.

எச்சத்தில் கிடைத்த செய்தி

பஸ் கணக்கில் எஞ்சிய 15 நிமிடம் ஆடிவேல் தேரைக் காட்டிக்கொடுத்தது. ஜோஷுவா சின்னர் தலைமையில் மெக்னீலும் பங்கேற்ற ஓர் ஆய்வு, 2016இல் 46 நாடுகளிலுள்ள 2,500க்கும் மேற்பட்ட பாறைகளின் எச்சங்களை இதே நோக்குடன் ஆராய்ந்தது. சூழலையும் மக்கள்தொகையையும் சந்தையையும் கணக்கிலெடுத்த பின்னரும், எதிர்பார்த்ததைவிட மிகக் கூடுதலாக மீன் இருந்த 15 இடங்களும், மிகக் குறைவாக இருந்த 35 இடங்களும் தெரியவந்தன.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த 15 இடங்கள் உலகிலேயே மீன் மிகுந்த இடங்கள் என்பதல்ல பொருள். அவற்றின் சூழலையும் மனித நெருக்கடியையும் வைத்துப் பார்த்தால் எதிர்பார்ப்பை மிஞ்சியவை என்பதே பொருள். கடலின் மேல் உள்ளூர் மக்களுக்கு மரபுவழி உரிமையும் கட்டுப்பாடுகளும் இருப்பது, முகாமைத்துவத்தில் அவர்கள் பங்கேற்பது, அருகில் மீன்கள் ஒதுங்க ஆழ்கடல் இருப்பது ஆகியவை அவற்றில் கூடுதலாகக் காணப்பட்டன. குறைவாக இருந்த இடங்களிலோ இயந்திரப் படகுகளும் குளிரூட்டிச் சேமிக்கும் வசதிகளும் மிகுந்திருந்தன. சேர்ந்து காணப்பட்டது என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது; எங்கே போய் விசாரிக்கலாம் என்பதை எச்சம் காட்டுகிறது, அவ்வளவே.

சீஷெல்ஸின் 21 பாறைகள்

மாதிரியுரு எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை சீஷெல்ஸிலிருந்து வருகிறது. 1998இன் வெப்பம் அங்கே முருகைக்கற்களில் 90 வீதத்துக்கும் மேலானவற்றை அழித்தது. ஆய்வில் இருந்த 21 பாறைகளில் 12 பாறைகள் பின்வந்த ஆண்டுகளில் மீண்டன. 9 பாறைகள் கடற்பாசிக் காடாக மாறி அப்படியே நின்றுவிட்டன. ஒரே கடல், ஒரே வெப்பம், இரண்டு முடிவுகள்.

எது எந்தப் பக்கம் போகும் என்று முன்னரே சொல்லியிருக்க முடியுமா என்று நிக்கலஸ் கிரஹாமும் மெக்னீல் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டார்கள். பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, வெளிறலுக்கு முன் அதன் அமைப்பு எவ்வளவு மேடுபள்ளமும் பொந்தும் நிறைந்ததாக இருந்தது ஆகிய இரண்டு விபரங்களே 98 வீதமான சந்தர்ப்பங்களில் முடிவைச் சரியாகப் பிரித்துக் காட்டின. ஆழமான பாறைகளும், பொந்துகள் நிறைந்த பாறைகளும் மீள்வதற்கு வாய்ப்புக் கூடியவை. பாசி மேயும் மீன்களும் இளம் முருகைக்கற்களும் மிகுந்திருப்பதும், நீரில் போசணைப் பொருட்கள் குறைந்திருப்பதும் மீட்சிக்குத் துணைநின்றன.

இந்த 98ஐ எடுத்துக்கொண்டு நேரே கற்பிட்டிக்குப் போகக்கூடாது. அந்தச் சமன்பாடு சீஷெல்ஸின் பாறைகளில் பயின்றது. நமது மேற்குக் கரையின் வண்டலையும் பருவக்காற்றையும் அது கண்டதில்லை. பம்பலப்பிட்டி நெரிசலில் பயின்ற பஸ் மாதிரியுருவை வைத்து வவுனியா வீதியின் பயண நேரத்தைச் சொல்வது போலாகிவிடும். அதேபோல், 1998இல் திருகோணமலை தப்பியது என்பதால் புறாத்தீவுப் பாறைகளுக்கு வெப்பம் ஒன்றும் செய்யாது என்று கொள்வதும் தவறு. ஒரேயொரு நிகழ்வு என்பது ஒரேயொரு நாடாவைப் போன்றது.

சமன்பாட்டை நாம் வாங்கிக்கொள்ள முடியாவிட்டாலும், அதைக் கட்டுவதற்குத் தேவைப்பட்ட பொருளை இங்கேயும் சேகரிக்க முடியும். வெளிறலுக்கு முந்திய அமைப்பு இன்னதென்று சீஷெல்ஸில் தெரிந்திருந்தது, 1994இலேயே சுழியோடிகள் அந்த 21 பாறைகளிலும் இறங்கி ஆழத்தையும் மேடுபள்ளத்தையும் தங்கள் பலகைகளில் குறித்துவைத்திருந்ததால்தான். நான்கு ஆண்டுகளில் அந்தக் குறிப்பு எதற்குப் பயன்படப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.